வில்லியம் ஸ்டில்லின் பதிவேட்டை நாடகமாக்குவது எப்படி?

2019-இல் வெளிவந்த ‘ஹாரியட்’ படத்தில் ஒரு காட்சி. மேரிலாந்துப் பண்ணையிலிருந்து தப்பி, தன்னந்தனியாக நடந்தே வந்த ஓர் இளம்பெண் பிலடெல்பியாவில் ஓர் அலுவலகத்துக்குள் நுழைகிறாள். மேசைக்குப் பின்னால் நேர்த்தியாக உடுத்திய கறுப்பின மனிதர் ஒருவர் இருக்கிறார். அவள் பெயர், ஊர், எசமானின் பெயர் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்கிறார். சுதந்திரமாகிவிட்டாய், புதுப் பெயர் வைத்துக்கொள்கிறாயா என்கிறார். பின்னாளில் திரும்பத் திரும்பத் தெற்கே போய் அடிமைகளை மீட்டுவந்த ஹாரியட் டப்மன் என்ற பெயர் அங்கே பிறக்கிறது. சில நிமிடங்கள்தான். அப்புறம் படம் காட்டுக்கும் குதிரைகளுக்கும் துப்பாக்கிக்கும் திரும்பிவிடுகிறது.

லெஸ்லி ஓடம் ஜூனியர் நடித்த அந்த மேசைக்காரர் வில்லியம் ஸ்டில் என்ற நிஜ மனிதர். அடிமைகளைத் தப்பவைத்த கறுப்பினப் போராளிகளைப் பற்றி வரும் படங்களும் தொடர்களும் பெரும்பாலும் ஓட்டத்தையும் துரத்தலையும் காட்டுகின்றன. அது பொய்யில்லை. ஆனால் இந்த வரலாற்றின் ஆழமான நாடகம் அந்த மேசையிலும், அதைப் போன்ற மூடிய அறைகளிலும்தான் நடந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைமுறை சட்டப்படி நடந்துகொண்டிருந்தது, வடமாநிலங்களில் ஒழிந்திருந்தது. 1850-இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டம் வடக்கிலும் யாரும் நிம்மதியாக இருக்க முடியாதபடி செய்தது. தப்பி வந்தவருக்கு உதவினால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்லவே முடியாது. விசாரிக்கும் கமிஷனர் அவரை எசமானிடம் திருப்பி அனுப்பினால் 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். இதையெல்லாம் மீறித் தப்பி வருபவர்களைக் கைக்குக் கை மாற்றிக் கனடா வரை கொண்டு சேர்த்த ரகசிய வலைப்பின்னலைத்தான் ‘நிலத்தடி ரயில்பாதை’ என்றார்கள். தண்டவாளமும் கிடையாது, தலைமையகமும் கிடையாது. தெரிந்த வீடு, தெரிந்த ஆள், சாப்பாடு, செருப்பு, வண்டிக் கூலி, இவ்வளவுதான்.

இந்த வலையின் நடுநரம்பு சுதந்திரக் கறுப்பினத்தவர்கள். நியூயார்க்கில் டேவிட் ரகிள்ஸ், பாஸ்டனில் லூயிஸ் ஹேடன், சிரக்யூஸில் ஜெர்மெய்ன் லோகன். ஓஹையோவின் ரிப்லி ஊரில் ஜான் பார்க்கர் பகலில் இரும்பு வார்ப்புப் பட்டறை நடத்தினார், இரவில் படகெடுத்து ஆற்றின் அக்கரையிலிருந்து ஆட்களை அழைத்துவந்தார். ஆனாலும் நீண்ட காலம் மக்கள் மனத்தில் பதிந்திருந்த படம் வேறு. நல்ல மனம் கொண்ட வெள்ளைக்காரர் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி கதவைத் திறப்பார், நடுங்கிக்கொண்டு ஒரு கறுப்பினக் குடும்பம் உள்ளே நுழையும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வரலாற்றைத் தொகுத்தவர்கள் வெள்ளையர் குடும்பங்களின் நினைவுகளையே அதிகம் திரட்டியதும் இதற்கு ஒரு காரணம். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பலர் உண்மையாகவே உயிரைப் பணயம் வைத்தார்கள். ஆனால் அவர்கள் கதையின் முன்வரிசைக்கு வந்தபோது மற்றவர்கள் பின்னால் தள்ளப்பட்டார்கள்.

இந்தத் தள்ளல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ‘ஹாரியட்’ படத்தின் திரைக்கதையாசிரியர்களில் ஒருவரான கிரெகரி ஆலன் ஹோவர்ட் ஒரு சம்பவம் சொன்னார். 1994-இல் இந்தக் கதையோடு அவர் ஹாலிவுட்டில் அலைந்தபோது, ஒரு ஸ்டுடியோ தலைவர் டப்மன் வேடத்துக்கு ஜூலியா ராபர்ட்ஸைப் போடலாம் என்றாராம். டப்மன் கறுப்பினப் பெண் ஆயிற்றே என்று எடுத்துச் சொன்னதற்கு, அதெல்லாம் எவ்வளவோ காலத்துக்கு முந்தைய கதை, யாருக்குத் தெரியப்போகிறது என்று பதில் வந்ததாம். படம் வெளிவர அதற்குப் பிறகு இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

சரி, மேசைக்கு வருவோம். வில்லியம் ஸ்டில் 1821-இல் நியூஜெர்சியில், பதினெட்டுப் பிள்ளைகள் பிறந்த வீட்டில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். அப்பா லெவின் உழைத்துத் தன்னை விலைக்கு மீட்டுக்கொண்டவர். அம்மா மேரிலாந்திலிருந்து இரண்டு முறை தப்பியவர். முதல் முறை நான்கு பிள்ளைகளோடு ஓடி, பிடிபட்டுத் திரும்ப இழுத்துச் செல்லப்பட்டார். இரண்டாம் முறை நான்கு பேரையும் தூக்கிக்கொண்டு ஓட வழியில்லை. தூங்கிக்கொண்டிருந்த இரண்டு ஆண்பிள்ளைகளை முத்தமிட்டு விட்டுவிட்டு, இரண்டு பெண்பிள்ளைகளோடு போனார். பிடிபடாமல் இருக்க சிட்னி என்ற தன் பெயரைச் சாரிட்டி என்று மாற்றிக்கொண்டார். விட்டுவரப்பட்ட பையன்கள் இருவரும் தெற்கே விற்கப்பட்டார்கள்.

வில்லியம் 1847-இல் பென்சில்வேனிய அடிமை ஒழிப்புச் சங்க அலுவலகத்தில் எழுத்தராகவும் துப்புரவு வேலைக்கும் சேர்ந்தார். 1850 ஆகஸ்டில் ஒரு நாள், தபாலில் போக வேண்டிய சங்கத்தின் பத்திரிகைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை அழைத்துவந்தார்கள். பெயர் பீட்டர். கென்டக்கியிலும் அலபாமாவிலும் நாற்பது வருடத்துக்கு மேல் அடிமையாக இருந்து, காசு சேர்த்துத் தன்னை மீட்டுக்கொண்டு வந்திருக்கிறார். சின்ன வயதில் பிரிந்த அம்மாவைத் தேடுகிறார். அவரிடம் இருந்த துப்பு அப்பா பெயர் லெவின், அம்மா பெயர் சிட்னி என்பது மட்டும். கூடவே லெவின் என்ற அண்ணன் இருந்தான், அவன் அலபாமாவிலேயே செத்துப்போனான் என்றார்.

வில்லியம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எதிரே இருப்பவர் தன் கூடப்பிறந்த அண்ணன் என்று ஒவ்வொரு பதிலிலும் உறுதியாகிறது. அம்மாவின் சாயல் அந்த முகத்தில் தெரிகிறது. ஆனால் சொன்னால் அவர் நம்ப வேண்டுமே. பீட்டர் உடனே நம்பவில்லை. புதிய ஊரில் முன்பின் தெரியாத ஓர் இளைஞன் நான்தான் உன் தம்பி என்கிறான், இது ஆளைப் பிடித்துக் கொடுக்கும் சூழ்ச்சியாக இருந்தால்? வாழ்நாள் முழுக்க ஏமாற்றத்தையே பார்த்த மனிதருக்கு அந்தச் சந்தேகம் நியாயமானது. நாற்பது வருடத்துக்குப் பிறகு கிடைத்த உறவுக்கு நடுவே கொஞ்ச நேரம் அவநம்பிக்கை வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடிமைமுறை மனிதர்களை என்ன செய்துவைத்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எந்தச் சவுக்கடிக் காட்சியாலும் முடியாது. வயதான சாரிட்டி அப்போது உயிரோடு இருந்தார். மகனைப் பார்த்தார்.

இதற்குப் பிறகுதான் ஸ்டில்லின் பதிவேடு வேறு பொருள் கொண்டது. தப்பி வருபவர்களுக்கு உதவும் பிலடெல்பியாவின் கண்காணிப்புக் குழுவை 1852-இல் திரும்ப அமைத்தபோது அவர் அதன் செயற்குழுவுக்குத் தலைவரானார். வந்தவர்களிடம் எல்லாம் கேட்டார். பழைய பெயர் என்ன, புதுப் பெயர் என்ன, வயது, நிறம், யாருடைய ஆள், ஏன் கிளம்பினாய், யாரை விட்டுவந்தாய். யாரோ ஒரு பீட்டர் என்றோ ஒரு நாள் யாரையோ தேடி வரலாம், அன்று ஒரு வரியாவது இருக்க வேண்டும். ஆனால் அதே வரி அதிகாரிகள் கையில் சிக்கினால் எத்தனை பேருக்கு விலங்கு? எழுதினாலும் ஆபத்து, எழுதாவிட்டாலும் இழப்பு. பின்னாளில் அந்தக் குறிப்புகளைக் கல்லறைத் தோட்டக் கட்டடம் ஒன்றின் பரணில் ஒளித்துவைத்தார். உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைமுறை ஒழிந்த பிறகு, 1872-இல்தான் நூலாக வெளியிட்டார்.

இங்கே ஓர் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. ரகசியத்தால் மட்டுமே உயிர்வாழ்ந்த ஒரு வேலையை எப்படி மேடையேற்றுவது? இந்தக் கேள்வி அவர்கள் காலத்திலேயே எழுந்துவிட்டது. 1849 மார்ச்சில் ஹென்றி பிரவுன் என்பவர் மூன்றடி நீளமுள்ள மரப்பெட்டிக்குள் சுருண்டு படுத்து, ரிச்மண்டிலிருந்து பிலடெல்பியாவுக்குத் தன்னையே பார்சலாக அனுப்பிக்கொண்டார். சுமார் 27 மணி நேரம். வழியில் பெட்டி தலைகீழாகவும் கிடந்தது. பெட்டியைத் திறந்தபோது அங்கே ஸ்டில்லும் இருந்தார். உள்ளிருந்து எழுந்த பிரவுன் விவிலியத்தின் சங்கீதப் பாடல் ஒன்றைப் பாடினார். இதைவிட நாடகத்தனமான காட்சி ஏது? பிரவுன் அதைத் தன் தொழிலாகவே ஆக்கிக்கொண்டார். நீளத் திரைச்சீலையில் வரைந்த காட்சிகளைச் சுருள் சுருளாக நகர்த்திக் காட்டும் நிகழ்ச்சியை ஊர் ஊராக நடத்தினார். பிறகு இங்கிலாந்து போய், அங்கே 1851-இல் பெட்டிக்குள் படுத்து ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய்க் காட்டினார்.

தானும் அடிமையாக இருந்து தப்பி, அடிமை ஒழிப்புப் பேச்சாளராகவும் எழுத்தாளராகவும் ஆன பிரடரிக் டக்ளஸுக்கு இது பிடிக்கவில்லை. இந்தத் தந்திரத்தை வெளியே சொல்லாமல் இருந்திருந்தால் ஆண்டுக்கு ஆயிரம் பாக்ஸ் பிரவுன்கள் வந்திருப்பார்கள் என்று 1855-இல் எழுதினார். டக்ளஸ் தான் தப்பிய விதத்தை 1881 வரை அச்சில் விவரிக்கவே இல்லை. பிரவுனைப் பெட்டியில் அனுப்பிய சாமுவேல் ஸ்மித் அதே வழியில் இன்னும் சிலரை அனுப்ப முயன்று சிறைக்குப் போனார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பிரவுனின் காட்சியைப் பார்த்து எத்தனையோ பேர் மனம் மாறியிருப்பார்கள். ஆனால் பெட்டிக்குள் படுக்கக் காத்திருந்தவர்களின் வாசல் அடைபட்டது. இன்று திரைக்கதை எழுதுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அந்தக் கவலையையே கதைக்குள் கொண்டுவரும் வாய்ப்பு மட்டும் இருக்கிறது.

மூன்றாவது வழி ஒன்றை வில்லியம் வெல்ஸ் பிரவுன் கண்டுபிடித்தார். அடிமையாக இருந்து தப்பியவர், ஏரிக் கப்பலில் வேலை பார்த்தவர். 1842-இல் மே முதல் டிசம்பர் வரை மட்டும் 69 பேரை ஈரி ஏரி தாண்டிக் கனடாவில் இறக்கிவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். 1858-இல் அவர் வெளியிட்ட ‘தி எஸ்கேப்’ அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவர் எழுதி அச்சான முதல் நாடகம் என்று கருதப்படுகிறது. அதை நடிகர்களை வைத்து மேடையேற்றவில்லை. தானே நின்று எல்லாப் பாத்திரங்களையும் வாசித்தார். எசமானும் அவர்தான், எசமானியும் அவர்தான், தப்பி ஓடும் காதலர்களும் அவர்தான். அடிமை ஒழிப்புக் கூட்டத்துக்கு ஒரு காசு தராதவர்கள் நாடகம் கேட்கக் காசு கொடுத்து வருகிறார்கள் என்று சொன்னார். முகத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர்கள் கறுப்பினத்தவர்களைக் கோமாளிகளாக்கிக் கைதட்டு வாங்கிய காலம் அது. நிஜக் கறுப்பின மனிதர் ஒருவர் அதே மேடையில் நின்று வெள்ளை எசமானின் குரலில் பேசினார். பெயர்களை மறைத்து, நடந்ததைக் கற்பனைக்குள் வைத்ததால் யாருடைய வழியும் அடைபடவில்லை.

ஹாரியட் டப்மனின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியிலும் துரத்தல் மிகக் குறைவு. 1854 கிறிஸ்துமஸ். மேரிலாந்தில் இருக்கும் அவருடைய சகோதரர்கள் மூவரையும் பண்டிகைக்கு மறுநாள் விற்கப்போகிறார்கள் என்று செய்தி. டப்மனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஜேக்கப் ஜாக்சன் என்ற சுதந்திரக் கறுப்பினத்தவருக்கு, வடக்கே இருக்கும் அவருடைய வளர்ப்பு மகன் வில்லியம் ஹென்றி எழுதியதுபோல ஒரு கடிதம் எழுதவைத்து அனுப்பினார். எப்போதும் ஜெபத்தில் விழிப்பாய் இருக்கச் சகோதரர்களிடம் சொல்லுங்கள், சீயோன் கப்பல் வரும்போது ஏறத் தயாராக இருக்கட்டும் என்பது அதிலிருந்த வரி. கடிதத்தை அதிகாரிகள் முதலில் படித்தார்கள். வில்லியம் ஹென்றிக்குச் சகோதரர்களே கிடையாதே என்று சந்தேகப்பட்டு ஜாக்சனைக் கூப்பிட்டார்கள். அவர் வாங்கிப் படித்தார். ஒரு பார்வையில் எல்லாம் விளங்கியது. தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, இது எனக்கு வந்ததாகவே இருக்காது என்று சொல்லிக் கீழே போட்டுவிட்டு, நேராகப் போய்ச் சகோதரர்களிடம் சொன்னார்.

கிளம்பும் நேரத்தில் ஒரு சகோதரரான ராபர்ட்டின் மனைவிக்குப் பிரசவ வலி. டப்மன் யாருக்காகவும் காத்திருப்பவர் இல்லை. குழந்தை பிறந்ததும் ராபர்ட் மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு ஓடிவந்து சேர்ந்தார். எல்லோரும் பெற்றோரின் குடிசைக்குப் பக்கத்திலிருந்த தீவனக் கொட்டகையில் ஒளிந்தார்கள். அம்மா ரிட் பண்டிகைச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் வருவார்கள் என்று காத்திருந்தார். கொட்டகையின் இடுக்கு வழியாகப் பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள். அம்மா அடிக்கடி வெளியே வந்து கையை நெற்றியில் வைத்துப் பாதையைப் பார்க்கிறார். சொல்ல முடியாது. சொன்னால் கத்தி அழுதுவிடுவார். அப்பா பென்னுக்கு மட்டும் தெரியும், அவர்தான் சாப்பாடு கொண்டுவந்தார். வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். போகும்போது கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் கைத்தாங்கலாகப் பிடிக்க, கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். நாளை எசமான் கேட்டால் பிள்ளைகளைப் பார்க்கவே இல்லை என்று சொல்ல வேண்டும். பொய் சொல்லாதவர் என்று பெயரெடுத்த அவர் சொன்னால் நம்புவார்கள். நம்பினார்கள்.

அப்புறம் நடந்தது, வில்மிங்டனில் தப்பி வருபவர்களுக்கு உதவிவந்த தாமஸ் காரெட்டின் கடிதத்தில் இருக்கிறது. டிசம்பர் 29 தேதியிட்ட அந்தக் கடிதம் ஸ்டில்லின் நூலிலும் வந்திருக்கிறது. ஹாரியட்டும் கூட வந்த ஆண்களில் ஒருவரும் செருப்புத் தேய்ந்து வெறுங்காலாகிவிட்டார்கள், வாங்கிக்கொள்ள இரண்டு டாலர் கொடுத்தேன் என்கிறார் காரெட். பிலடெல்பியாவில் ஸ்டில் அவர்கள் விவரத்தை எழுதிக்கொண்டார்.

படத்தில் கண்கட்டுக் காட்சி உண்டு. ஆனால் படம் முழுவதையும் தாங்குவது வேறு விஷயங்கள். சிறுவயதில் தலையில் இரும்பு எடைக்கல் விழுந்த காயத்தால் டப்மனுக்குத் திடீர்த் தூக்கமும் தரிசனங்களும் வந்தது உண்மை. அவற்றை அவர் கடவுளின் குரலாகவே நம்பினார். படம் அந்தத் தரிசனங்களையே திசைகாட்டியாக்கிவிடுகிறது. சனிக்கிழமை இரவில் கிளம்பினால் திங்கள்வரை பத்திரிகையில் விளம்பரம் வராது, குளிர்காலத்தில் இரவு நீளம், குழந்தைகள் அழாமலிருக்க மருந்து என்று அவர் போட்ட கணக்குகள் பின்னால் போய்விட்டன. பக்தியும் மூளையும் ஒரே பெண்ணிடம் இருந்தன. ஒன்றைக் கூட்டிக் காட்ட இன்னொன்றைக் குறைத்திருக்க வேண்டியதில்லை. பிக்கர் லாங் என்ற கறுப்பின ஆள்பிடிப்பவன் கற்பனைப் பாத்திரம். எசமான்கள் செய்த கொடுமையின் சுமையில் ஒரு பகுதியை அவன் தலையில் ஏற்றியதாகப் பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு.

எண்களிலும் இதே ஊதல்தான். அவர் 19 முறை போய் 300 பேரை மீட்டார் என்பது 19-ஆம் நூற்றாண்டு வாழ்க்கை வரலாறு ஒன்று பரப்பிய கணக்கு. ஆவணங்களைத் தோண்டிய ஆய்வாளர்கள் சொல்வது சுமார் 13 பயணங்கள், சுமார் 70 பேர். அவர் தலைக்கு 40,000 டாலர் விலை வைத்தார்கள் என்பதற்கும் ஆதாரமில்லை. 1849-இல் வந்த விளம்பரத்தில் அவருக்கு அதிகபட்சம் 100 டாலர். தாங்கள் அடிமைகள் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தால் இன்னும் ஆயிரம் பேரை மீட்டிருப்பேன் என்று இணையத்தில் உலவும் வாசகம் அவருடையதே அல்ல. வராதவர்கள்மேல் பழிபோடும் அந்த வாசகத்தை, தீவனக் கொட்டகை இடுக்கு வழியாக அம்மாவைப் பார்த்த பெண் சொல்லியிருக்க முடியாது. எழுபது பேர் என்றால் என்ன குறைந்துபோயிற்று? ஒவ்வொரு முறையும் தன்னை விற்கக்கூடிய மண்ணுக்குத் திரும்பி நடந்திருக்கிறார்.

‘அண்டர்கிரவுண்ட்’ தொலைக்காட்சித் தொடர் 2017-இல் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. ஓர் அத்தியாயத்தை ஏறக்குறைய முழுவதுமாக டப்மனாக நடித்த ஐஷா ஹைண்ட்ஸின் பேச்சுக்கே கொடுத்தது. ஒரு கூடம், கேட்பவர்கள், பேசும் ஒரு பெண். ஓட்டமில்லை, துப்பாக்கிச் சூடில்லை. வில்லியம் வெல்ஸ் பிரவுன் தனியாக நின்று வாசித்த மேடையின் வாரிசு அது. அத்தொடரின் வில்லியம் ஸ்டில்லாக நடித்தவர் கிறிஸ் சாக். இரண்டு பருவங்களோடு தொடரை நிறுத்திவிட்டார்கள், அது பெரிய இழப்பு.

அடுத்து யாராவது எழுத உட்கார்ந்தால் ஜேன் ஜான்சனின் கதையை எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. 1855 ஜூலை 18. நிகரகுவாவுக்கான அமெரிக்கத் தூதர் ஜான் வீலர், தன் அடிமைப் பெண் ஜேனையும் அவளுடைய இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு பிலடெல்பியா வழியாகப் போகிறார். கறுப்பினத்தவர் யாரிடமும் பேசக் கூடாது என்று உத்தரவு. அவர் ஹோட்டலில் சாப்பிடும் நேரத்தில் ஜேன் அங்கிருந்த கறுப்பினப் பணியாளர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். ஒரு சீட்டு ஸ்டில்லின் மேசைக்கு ஓடியது. ஸ்டில்லும் பாஸ்மோர் வில்லியம்சன் என்ற வெள்ளையரும் துறைக்கு விரைந்தார்கள். கப்பலின் மேல்தளத்தில், தூதர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது, பென்சில்வேனியச் சட்டப்படி நீ சுதந்திரமானவள், விரும்பினால் இப்போதே எழுந்து வரலாம் என்று அவளிடம் சொன்னார்கள். அவள் எழுந்தாள். வீலர் பிடித்து நிறுத்தப் பார்த்தார். துறைமுகத் தொழிலாளர்களான ஐந்து கறுப்பினத்தவர்கள் அவரைத் தடுத்து, பையன்களைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

வழக்கு வந்தது. வில்லியம்சன் மூன்று மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். சிறை அறையில் எடுத்த அவருடைய படம் பிரபலமானது. ஸ்டில்லும் தொழிலாளர்களும் கலவரம், தாக்குதல் குற்றச்சாட்டுகளில் கூண்டில் நின்றார்கள். ஜேனைக் கடத்திவிட்டார்கள் என்று வீலர் சொன்ன கதையை உடைக்க ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. வெளியே மத்திய அரசின் மார்ஷல்கள் அவளைப் பிடிக்கத் தயாராக நிற்கும்போது, முகத்திரையோடு நீதிமன்றத்துக்குள் வந்த ஜேன் ஜான்சன் திரையை விலக்கினாள். யாரும் என்னைக் கடத்தவில்லை, என் விருப்பத்தோடுதான் போனேன், வடக்கே வந்தால் விடுதலையாவது என்று முன்பே முடிவு செய்திருந்தேன் என்று சொல்லிவிட்டு, உள்ளூர்க் காவலர்கள் சூழ வண்டியேறிப் போனாள். ஸ்டில் விடுவிக்கப்பட்டார். தொழிலாளர்களில் ஜான் பல்லார்ட், வில்லியம் கர்ட்டிஸ் இருவருக்கும் வீலரைப் பிடித்து நிறுத்தியதற்காக ஒரு வாரச் சிறை. அவர்களை யாரும் படம் பிடித்து வைக்கவில்லை. ஒரு கப்பல்தளம், ஒரு நீதிமன்றம், ஒரு மேசை, பத்து நடிகர்கள் போதும். அந்த இரண்டு தொழிலாளர்களுக்கும் நல்ல வசனம் எழுத வேண்டும்.